சண்டைக்கு முந்தின நடுக்கம்

வனிதாவுக்குச் சண்டை நெருங்கினால் முதலில் தெரிந்துகொள்வது அவள் வயிறுதான். முந்தின நாள் சாயங்காலமே சோறு இறங்காது. விடிந்தால் கக்கூசுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். கொட்டாவிமேல் கொட்டாவியாக வரும். தூக்கத்துக் கொட்டாவி இல்லை அது, பயத்துக் கொட்டாவி. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கையில் பட்டைத் துணி சுற்றும்போது விரல்கள் உதறும். கடைசியில் பேரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால், சொல்லிவைத்த மாதிரி ஒரு வாந்தி. அதை எடுத்து வாய் கொப்பளித்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் ரிங்குக்குள் ஏறுகிறவள் வேறொருத்தி. அவளிடம் மூக்குடைபட்ட பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தச் சங்கதியெல்லாம் அவள் அம்மா கருப்பம்மாவுக்கு அத்துப்படி. குன்னூருக்கு அந்தப் பக்கம், பஸ் திரும்புகிற இடத்திலிருந்து மண்ரோட்டில் ஏறிப் போனால் வரும் கரடிமட்டம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். கைக்குழந்தையாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே கூடை தூக்கி, தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கும் செல்லையாவைக் கட்டி, ஒரே மகளைப் பெற்றவள். பாக்சிங் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் போட்டிக்குப் போனபோது மகள் சுவரோரம் குனிந்து ஓங்கரிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் ரகளை செய்தாள். பையைத் தூக்கித் தோளில் மாட்டி, மகளின் கையைப் பிடித்து வாசல்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வழிமறித்தவர் சில்வஸ்டர் மாஸ்டர். வெலிங்டன் ராணுவ கேம்ப்பில் சிவிலியன் வேலை. வேலை விட்டு வந்து சர்ச் ஹாலில் பிள்ளைகளுக்கு பாக்சிங் பழக்குகிறவர்.

"அக்கா, இது சீக்கு இல்லீங்க. அட்ரினலின்னு ஒண்ணு ஒடம்புக்குள்ள சுரக்குதுங்க. சண்டைக்கு முன்னாடி ஒடம்பு தன்னால முடுக்கிக்குது, அவ்வளவுதான்."

"என்னா மாஸ்டர் சொல்றீங்க! கொடலு வெளிய வந்துரும் போல ஓங்கரிக்கிறா. இத நல்லதுங்கிறீங்களே."

"நடுங்கலைன்னாத்தானுங்க நான் பயப்படோணும். கேம்ப்புல பாத்திருக்கறேன், ஆறடி ஆளு, ஒரு குத்து உட்டா சொவரு பேந்துரும். ரிங்குக்குப் பின்னால நின்னு பச்சைக்கொழந்தையாட்ட அழுதுட்டு இருப்பானுங்க. அதை நிறுத்தப் பாக்கக் கூடாது. வந்தா வந்துட்டுப் போகுதுன்னு உட்டறணும். பக்கத்துல தைரியம் சொல்ல ஒரு ஆளு இருந்தாப் போதும்."

அந்த ஆளாக அன்றைக்கு ஆனவள்தான் கருப்பம்மா. எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத வேலை அது. மகளுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருவாள். இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வாள். வாயில் ஒரு துண்டு இஞ்சியைத் திணிப்பாள். பிறகு சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எஸ்டேட் குடியிருப்பான லயத்துக் குழாயடியில் யார் யார் குடுமியைப் பிடித்தார்கள், யார் வீட்டுக் கோழியைச் சிறுத்தை தூக்கியது என்று அளந்துவிடுவாள். நடுவில் வனிதா, "அம்மா, இன்னைக்கு வேற மாதிரி இருக்கும்மா. வேணாம்மா, ஊட்டுக்குப் போயிரலாம்" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். "ஒனக்கு எல்லாத் தடவையும் வேறதான். போ, போயி அடிச்சிட்டு வா" என்று கருப்பம்மா முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். போனவள் ஜெயித்தும் வந்திருக்கிறாள், தோற்றும் வந்திருக்கிறாள். நிமிர்ந்து நடந்து வராமல் இருந்ததில்லை.

ஊட்டியில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அறிவித்தார்கள். அதில் தேறிவிட்டால் போலீசிலோ ரயில்வேயிலோ விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கிய வேலைக்கு வழி உண்டு என்றார் மாஸ்டர். தேறாவிட்டால்? அதற்கான பதிலை எஸ்டேட் ஆபீசில் இருக்கும் ஜெர்சன் கையில் வைத்திருந்தார். செல்லையாவுக்கு அந்த வருஷத்தோடு சர்வீஸ் முடிகிறது. கருப்பம்மாவின் முழங்கால் சரிவில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வேலைக்கு ஆளில்லாத வீட்டை எஸ்டேட் விட்டுவைக்காது. காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போதே ஜெர்சன் கேட்டார்.

"கருப்பம்மா, மகளைப் பேர் பதிஞ்சிரு. நாலு பேர்த்துகிட்ட குத்து வாங்கறதை விடக் கொழுந்து எடுக்கறது கேவலமா?"

"கேவலம்னு யாரு சார் சொன்னா? செலக்சன் முடியட்டும்."

"முடிஞ்சா?"

"ஜெயிச்சா அவ போயிருவா. தோத்தா நீங்க பேரெழுதிக்கங்க."

வாய் வீராப்பாகச் சொல்லிவிட்டது. அட்டை கடித்த கால்களும், மழையில் ஊறி வெளுத்த விரல்களும், முதுகில் கூடை அழுத்திய தழும்பும் தன்னோடு போகட்டும் என்று அவள் வேண்டாத சாமியில்லை. மகள் கையில் உறை மாட்டும்போதெல்லாம் அவளுக்கு இந்த ஒரே நினைப்புதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வனிதா நாற்பத்தெட்டு கிலோப் பிரிவு. எடை பார்க்க லயத்தில் ஏது மிஷின்? கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போய், கூடை வைக்கிற தட்டில் ஏறி நிற்பாள். போட்டிக்கு முந்தின நாள் ஏறி நின்றால் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் காட்டியது. வனிதாவுக்கு முகம் செத்துவிட்டது. மாஸ்டருக்குப் போன் போட்டார்கள்.

"சாப்பாட்டையும் தண்ணியையும் கொறைச்சுக்க, கண்ணு. பிளாஸ்டிக் கோட்டு மாதிரி எதையாச்சும் போட்டுட்டு ஓடு. நல்லா வேர்த்து ஊத்தினா எறங்கிரும். டவுன் புள்ளைங்க எல்லாம் அதுக்குன்னே சூட்டு வெச்சிருக்காங்க" என்றார்.

அந்தக் குளிரில் வேர்க்கவேண்டுமே! மார்கழி மூடுபனி தேயிலைச் செடிமேல் குந்திக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. உரச் சாக்கின் உள் பிளாஸ்டிக்கைக் கிழித்து உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஏற்றத்தின் பாதியில் அது தார்தாராகக் கிழிந்தது. அழுதுகொண்டே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

செல்லையா அதிகம் பேசாத மனிதன். மகளுக்கு என்று ஒன்று செய்யக் கிடைத்தால் மட்டும் ஆளுக்கு இறக்கை முளைத்துவிடும். "இரு பாப்பா" என்று எழுந்து போனவன், மருந்தடிக்கும்போது போடுகிற தன்னுடைய ரப்பர் கோட்டை எஸ்டேட் ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"இத மாட்டிக்கிட்டு மேட்டுல ஏறுனா, குளிச்சு எந்திரிச்ச மாதிரி ஆயிரும். நாங்கதான் தெனமும் வேகுறோமே இதுல."

"கழுவுனீங்களா?" என்றாள் கருப்பம்மா.

"கொழாயில புடிச்சு நல்லாத் தேச்சேன்."

தேய்த்தான்தான். வெளிப்பக்கத்தை. உள்ளே துணி ஒட்டிய கோட்டு அது. நனைந்தால் இந்தப் பனியில் காயாது, பிள்ளைக்குக் குளிரும் என்று உள்பக்கத்தை விட்டுவிட்டான். தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு அடிக்கிற மருந்தின் நெடி அதில் அடித்தது. அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்த நெடி செல்லையாவின் தலையணையில் இருந்தது, அவன் சாப்பிடும் தட்டில் இருந்தது, அவன் தோளில் ஏறி வளர்ந்த வனிதாவுக்கு அதுதான் அப்பா வாசனை. மருந்தடித்துவிட்டு வந்த நாட்களில் அவனுக்குத் தலைவலி வரும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். அதற்குமேல் அதை யோசிக்க அந்த லயத்தில் யாருக்கு நேரம்?

கோட்டுக்குள் நுழைந்து, இடுப்பில் கயிறு கட்டி, தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஃபேக்டரி ரோட்டில் மேலும் கீழுமாக ஓடினாள். பக்கத்து வீட்டு சுகந்தி சிரித்தாள்.

"என்னாடி வனிதா, கொசுவுக்கு மருந்தடிக்கக் கெளம்பிட்டியா?"

"ஆமாக்கா, ஒன் வாயிலதான் மொதல்ல அடிக்கணும்!"

இருட்டும்வரை ஓடினாள். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் இன்னொரு தடவை ஓடினாள். கழற்றியபோது உள்ளே தண்ணீராக வழிந்தது. பனியன் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. கருப்பம்மா வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

"ஊத்திக்கடி, பிசுபிசுன்னு இருக்கே."

"வேணாம்மா. குளிச்சா ஒடம்பு தண்ணிய இழுத்துக்கும், வெயிட்டு ஏறிரும்னு போன போட்டியில கோயம்புத்தூர்ப் புள்ளைக சொல்லுச்சுக."

துண்டால் மட்டும் துடைத்துக்கொண்டாள். இதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

ஊட்டியில் எடை பார்த்தார்கள். முள் சரியாக வந்து நின்றது. செல்லையா வேலை நாளென்று பார்க்காமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கூட்டத்தில் நின்று தானே ஜெயித்த மாதிரி பல்லைக் காட்டினான். வரிசையாக எல்லாருக்கும் டாக்டர் நாடி பார்த்தார். வனிதாவுக்குத் தலை லேசாக வலித்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று சொல்லவில்லை. வெளியே வந்து குளுக்கோஸ் தண்ணியும் வாழைப்பழமும் சாப்பிட்டாள்.

மத்தியானத்துக்குமேல்தான் அவள் முறை. அரங்கத்தை ஒட்டிய ஒரு அறையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். தகரக் கூரைமேல் மழை. கருப்பம்மா வழக்கம்போல முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று நனைந்திருந்தது. பரவாயில்லை, அது எப்போதும் இருப்பதுதான். வாந்தி ஒன்று வந்தது. அதுவும் இருப்பதுதான். இஞ்சியை நீட்டினாள்.

"வேணாம்மா. ஏற்கெனவே வாயில எச்சி ஊறிக்கிட்டே கெடக்கு."

"இஞ்சிய நெனச்சாலே ஊறத்தான் செய்யும். மெல்லு."

"வயித்த முறுக்கிப் புழியுதும்மா."

"எப்பதான் முறுக்கல? போன வாட்டி நாலு தடவ கக்கூசுக்கு ஓடுனியே. கேளு, நம்ம சுகந்தி நேத்து கொழாயடியில…"

"அம்மா." வனிதா கண்ணைக் கசக்கினாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. "மங்கலாத் தெரியுது. லைட்டு போடலையா இங்க?"

"மழ இருட்டுடி."

"இது வேறம்மா. நெசமா சொல்றேன். பயம் இப்பிடி இருக்காது. தோள்ல பாரு, சதை தானா துடிக்குது. வேணாம்மா, போயிரலாம்."

கருப்பம்மா பார்த்தாள். தோளில் தோலுக்கடியில் எதுவோ ஊர்வதுபோல் சதை துடித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கும் திக்கென்றது. மாஸ்டரைத் தேடினாள். அவர் வாசலில் நின்று, "ரெடியா கண்ணு? அடுத்தது நீதான்" என்றார்.

"மாஸ்டர், ரொம்ப நடுங்குறா."

சில்வஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். "பெரிய போட்டியில்லீங்களா, அதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு. ரிங்குல ஏறினா எறங்கிரும். மூச்சை மெல்ல இழுத்து உடு, கண்ணு."

"மூச்சே இழுக்க முடியலங்க மாஸ்டர்."

"அதேதான், அட்ரினலின். உடு, உடு. தன்னால சரியாயிரும்."

அவரைக் குறை சொல்லி என்ன? எத்தனை பிள்ளைகளின் நடுக்கத்தைக் கண்ட மனிதர். முன்பு கண்டதாகவே இதுவும் தெரிந்தது அவருக்கு. வெளியே ஒலிபெருக்கி பேரைச் சொன்னது. கருப்பம்மாவின் கண்முன்னால் நின்றது மகளின் தோள் இல்லை. பெரட்டு வரிசையில் கூடையோடு நிற்கிற மகள். எழுந்தாள். மகளையும் எழுப்பினாள்.

"ஒனக்கு எல்லாத் தடவையும் வேறதான். போடி. போயி அடிச்சிட்டு வா."

முதுகில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

ரிங்கில் ஏறும்போது வனிதா கயிற்றைப் பிடிக்கப்போய்ப் பிடி தவறினாள். மணி அடித்தது. எதிரே கோயம்புத்தூர்ப் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். வனிதா கையைத் தூக்கினாள். தூக்கிய கை நிற்கவில்லை. எதிராளியின் குத்து முகத்துக்கு நேராக வந்து, படாமல் காற்றில் போனது. வனிதா முட்டி மடங்கி உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். நடுவர் எண்ண ஆரம்பித்தார். கூட்டத்தில் எவனோ, "அடிக்கறதுக்கு முன்னாடியே படுத்துருச்சுடா!" என்றான். சிரிப்பு எழுந்தது. "தொடைநடுங்கி" என்று இன்னொரு குரல். நடுவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு மண்டியிட்டு, இரண்டு கையையும் ஆட்டி டாக்டரைக் கூப்பிட்டார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆம்புலன்சில் மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள் கருப்பம்மா. வாயிலிருந்து நுரையும் எச்சிலும் வந்துகொண்டே இருந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து மாளவில்லை. பயத்தில் காய்கிற வாயாயிற்றே இது, நாக்கு ஒட்டிக்கொள்கிற வாயாயிற்றே, எங்கிருந்து வருகிறது இவ்வளவு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்து வேர்வையைத் துடைத்த துணி மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. தேயிலைக் கொசு மருந்தின் நெடி. எதிரே உட்கார்ந்திருந்த செல்லையாவைப் பார்த்தாள்.

"ஏங்க… கோட்டு."

செல்லையாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் மகளின் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்மணி ஊசிமுனையாட்டம் சுருங்கிக் கிடக்கு. பூச்சி மருந்து. எப்பக் குடிச்சா?" என்று கேட்டார்.

"குடிக்கலைங்கய்யா. என் கோட்டப் போட்டுக்கிட்டு ஓடுனாங்கய்யா, மருந்தடிக்கிற கோட்டு" என்று செல்லையா கையைக் கூப்பினான்.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். காலையிலயும்."

"குளிச்சாளா?"

உள்ளே கொண்டுபோய்த் துணியைக் கத்தரித்து எடுத்து, சோப்புப் போட்டு உடம்பெல்லாம் கழுவினார்கள். ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். "இவ்வளவு நேரம் தோல் வழியா ஏறியிருக்கு. முன்னாடியே, முதல் வாந்தியிலயே கொண்டுவந்திருக்கணும்" என்றார் டாக்டர். திட்டவில்லை அவர். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் பொழுது ஏறும்போது வனிதா போய்விட்டாள்.

சில்வஸ்டர் மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டு அழுதார். லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே சேதி வந்து சேர்ந்திருந்தது. பிணவறை வாசலில் ஒருத்திக்கொருத்தி காதைக் கடித்தார்கள். "சண்டைக்குப் பயந்துக்கிட்டு மருந்தக் குடிச்சிருச்சாம் புள்ள." வயசுப் பெண், பூச்சி மருந்து என்றால் இந்த மலையில் வேறு கதை யாருக்கும் தோன்றாது. சுகந்தி மட்டும், "கோட்டப் போட்டு ஓடுனத நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் காதில் வாங்கவில்லை.

ஜெர்சன் ஜீப்பில் வந்து இறங்கினார். செல்லையாவைத் தனியே சுவரோரம் கூட்டிப்போனார். கருப்பம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"டாக்டர்கிட்ட என்னவோ கோட்டுக் கதை சொன்னியாமா? அந்தக் கோட்டு ஸ்டோரைத் தாண்டி வெளிய வரவே கூடாது, ரூலு. நீ எடுத்துட்டுப் போனேன்னு எழுதிக்குடுத்தா ஒன் மேலதான் கேசு. லயத்தையும் இன்னைக்கே பூட்டிருவாங்க. வாயை மூடிட்டு இரு. போன புள்ள கோட்டுன்னு சொன்னா வந்துருமா?"

செல்லையா தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஏட்டு வந்தார். நல்ல மாதிரியான மனிதர்தான். மழைக்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை அட்டையில் செருகினார்.

"டாக்டர் அவரு பாட்டுக்கு எழுதுவாரு. எனக்குப் பெத்தவங்க வாக்குமூலம் வேணும். ஹால்ல விசாரிச்சேன். ஏறும்போதே புள்ள பயந்து நடுங்குச்சுன்னு அத்தனை பேரும் சொல்றாங்க. அடியே படாம விழுந்திருக்கு. போட்டி பயத்துல மருந்து சாப்பிட்டுட்டான்னு எழுதட்டுங்களா? நீங்க என்ன சொல்றீங்க, பெரியவரே?"

செல்லையா ஜெர்சனைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. நீங்களே எழுதிக்கங்க" என்றான்.

ஏட்டு பேனா மூடியைக் கழற்றினார். கருப்பம்மா தரையில் உட்கார்ந்திருந்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுதாதீங்கய்யா அத."

"கருப்பம்மா, உக்காரு" என்றார் ஜெர்சன்.

"நீங்க சும்மா இருங்க சார். லயத்தப் பூட்டுறதுன்னா பூட்டிக்கங்க. அதுக்குள்ள இனி யாரு இருக்கா?" என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

செல்லையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் கோணிக்கொண்டு வந்தது. "கோட்டு என்னுதுங்கய்யா. நான்தாங்க போட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்து குலுங்கினான். ஜெர்சன் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

ஏட்டு அட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரிம்மா, கோட்டுன்னே எழுதறேன். ஆனா ஒண்ணு கேப்பாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே வாந்தி, நடுக்கம்னு இருந்திருக்கு. அவ்வளவையும் பாத்துட்டு எதுக்கு ரிங்குல ஏத்துனீங்கன்னு கேப்பாங்க. பயம்னு நெனச்சோம்னு போட்டுக்கட்டுமா? புள்ளைக்குப் பயம் இருந்துச்சுதானே?"

"அவ சொன்னாங்கய்யா" என்றாள் கருப்பம்மா. "இது பயம் இல்லம்மா, வேறம்மா, ஊட்டுக்குப் போயிரலாம்மான்னு என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. தோள் சதை துடிச்சத நான் பாத்தேன். எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. அப்பவும் போடின்னு முதுகுல தட்டித் தள்ளிவிட்டேன். இன்னைக்கு இவ ஏறலைன்னா நாளைக்குக் கூடையத் தூக்கிருவாளேன்னு கிலி எனக்கு. பயந்தது அவ இல்லீங்க. நான். என் பேரப் போட்டு அத எழுதுங்க."

"அதெல்லாம் இதுல வேண்டாம்மா" என்றார் ஏட்டு, மெல்ல.

"எழுதுங்கய்யா" என்றாள் கருப்பம்மா. அவர் பேனாவைக் காகிதத்தில் வைக்கிறவரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.